தெரு நாய் என்று சொன்னேன்

பால் எடுக்கப் போகிறவனை நாய் கடிக்காமல் விட்டால்தான் புதினம். விசுவமடுப் பக்கத்தில் 9 வருடமாக மோட்டார்சைக்கிளில் பால் சேர்க்கிறேன். காலை 5 மணிக்கு வெளிக்கிட்டால் 35, 40 வீடு. படலைக்குப் படலை ஒரு நாய். எது குரைப்பதோடு சரி, எது சில்லைத் துரத்தும், எது செருப்பைக் கவ்வும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பால் கானுக்குப் பக்கத்தில் ஒரு பூவரசந்தடி எப்போதும் செருகியிருக்கும். அந்தத் தடியில் கை வைக்கத் தேவையே இல்லாத வீடு ஒன்று இருந்தது. அங்கேதான் கடி வாங்கினேன்.

அந்த வீட்டில் ஓர் அக்கா, அவவின் தாய், நாலாம் வகுப்புப் படிக்கிற மகள். கணவர் கொழும்பில் கட்டட வேலை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து போவார். இரண்டு மாடு, நாளுக்கு 5, 6 லீற்றர் பால். அந்த வருமானத்தில்தான் கடைக் கடன் கொப்பி கழிகிறது. வீட்டு நாய்க்கு 6, 7 மாதம் இருக்கும். கறுப்பு. பெயர் வீமன். பெயரைத் தவிர அதில் பெரிதாக எதுவும் இல்லை. என் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் படலைக்கு ஓடி வந்து முன்சில்லைச் சுற்றிச் சுற்றி வாலாட்டும்.

போன கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. இரவு முழுக்கப் பெய்த மழை தூறலாக நின்றது. வீமன் படலைக்கு வரவில்லை. மாட்டுக்கொட்டில் மூலையில் சாக்கின் மேல் சுருண்டு கிடந்தது. “என்னடா வீமா, குளிரோ?” என்று விரலைச் சொடுக்கினேன். எழும்பியது. குரைக்கவில்லை, உறுமவில்லை. நேராக வந்து கெண்டைக்காலைக் கவ்வியது. உதறினேன், விடவில்லை. அக்கா வாளியால் தட்டிய பிறகுதான் விட்டது. விட்டதும் திரும்பிப் போய் அதே சாக்கில் படுத்துக்கொண்டது.

ஆழமாக இரண்டு ஓட்டை. இரத்தம் மழைத்தண்ணீரோடு செருப்புக்குள் இறங்கியது.

ஆச்சி திண்ணையில் வெற்றிலைத் தட்டத்தோடு இருந்தா. “வீட்டு நாய்தானே மோனை, ஒண்டும் செய்யாது” என்று சொல்லிக்கொண்டே வந்து, தட்டத்தில் இருந்த சுண்ணாம்பை வழித்துக் காயத்தில் அப்பிவிட்டா. அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் பாலை அளந்து எடுத்துக்கொண்டு திரும்பும்போது படலை வரைக்கும் கூடவே வந்தா.

“தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எங்கட நாய் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. பி.எச்.ஐ வந்து நாயைக் கொண்டுபோடுவினம். பிள்ளை தாங்காது. கேஸ் எண்டு வந்தா எனக்கு அலையவும் ஏலாது.”

பி.எச்.ஐ என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். “அதுக்கென்ன அக்கா” என்றேன்.

ஊரில் நாய்க்கடி என்பது முதலில் இரண்டு வீட்டுக்கிடையிலான காரியம். வைத்தியம் பிறகுதான். தெரியாத நாய் கடித்தால் பயந்து ஓடுகிறோம். தெரிந்த வீட்டு நாய் கடித்தால் அந்த வீட்டின் முகத்தைப் பார்க்கிறோம். நாளைக்கும் அதே படலைக்குப் போக வேண்டும்.

இன்னும் 17 வீடு பாக்கி இருந்தது. பால் சேகரிப்பு நிலையத்தில் எட்டரைக்குப் பிறகு எடுக்க மாட்டார்கள். சுண்ணாம்புக் காலோடு அந்த 17 வீட்டுக்கும் போனேன். இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் வருகிறது, கோபமாகவும் வருகிறது. பத்தடியில் கிணறு இருந்தது. துவைக்கிற கல்லில் சோப் கிடந்தது. நான் கழுவவில்லை, வெறும் நாற்பது லீற்றர் பாலைக் காப்பாற்றினேன்.

விசர் (ரேபிஸ்) கிருமி நாயின் எச்சிலோடு காயத்துக்குள் இறங்குகிறது. இறங்கியதும் இரத்தத்தில் ஓடுவதில்லை. நரம்பைப் பிடித்து மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. அது நரம்பைப் பிடிப்பதற்கு முன்னர் காயத்திலேயே கொல்ல முடிந்தால் அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. அந்தக் கிருமியைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப் அதைக் கரைத்துவிடும். அதனால்தான் ஓடுகிற தண்ணீரில் சோப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்கிறார்கள். 15 நிமிடம் என்பது நாங்கள் நினைப்பதைவிட நீளம். இரண்டு வாளி அள்ளி ஊற்றுவதை அதில் சேர்க்க முடியாது. அடுப்பில் ஒரு பானை சோறு கொதித்து வடிக்கிற நேரம் காலை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சுண்ணாம்பு, கோப்பித்தூள், மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய், பச்சிலை எல்லாம் காயத்தைப் புண்ணாக்கும். கிருமிக்குக் கூரை போட்டுக் கொடுக்கும்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பது. மனைவி காலைப் பார்த்தாள், சுண்ணாம்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத ஏலாது. குழாய்க்கிணற்றடியில் இருத்தி, மகனைத் தண்ணீர் அடிக்கச் சொல்லிவிட்டு, சன்லைட் சோப்பால் அவளே தேய்த்தாள். “மூன்று மணித்தியாலம் போய்விட்டது, இனிக் கழுவி என்ன?” என்று நான் கேட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள்: பிந்திக் கழுவினாலும் கழுவத்தான் வேண்டும்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டார்கள். விசர்நாய்க்கடி ஊசி அங்கே இல்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அதற்கு ஒரு கடிதம். அந்தக் கடிதத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் வாங்கில் இருந்தேன். குற்றம் அவர்களில் மட்டும் இல்லை. தடிமன், காய்ச்சல்காரரோடு சேர்ந்து நானும் நம்பர் எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். நாய்க்கடி என்றால் உள்ளே போனவுடன் வாய்விட்டுச் சொல்லுங்கள். காயம் பெரிதென்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முகத்திலோ கழுத்திலோ கையிலோ கடித்திருந்தால், சின்னப் பிள்ளை என்றால், 1990 க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. எனக்கு அந்த யோசனையே வரவில்லை. கூட்டாளி ஒருவன் மோட்டார்சைக்கிளில் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு பரந்தன் வீதியால் போனான்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர். காயத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று கேள்வி கேட்டா. நாய் யாருடையது? ஊசி போட்ட நாயா? இப்போது எங்கே நிற்கிறது?

“தெரு நாய்” என்றேன். “ஊசி தெரியாது. எங்க போச்சுதெண்டும் தெரியாது.”

எழுதிக்கொண்டா. காயம் ஆழம், இரத்தம் வந்திருக்கிறது, நாயைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வழியில்லை. ஆகவே தடுப்பூசியும் வேண்டும், சீரமும் வேண்டும், இரவு வார்ட்டில் நிற்க வேண்டும் என்றா.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அதுவரை தெரியாது. தடுப்பூசி விதைநெல் மாதிரி. உடம்பில் அது முளைத்து எதிர்ப்புச் சக்தியாக விளைய ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். சீரம் கடையில் வாங்கின அரிசி. இன்றைக்கே உலையில் போடலாம், ஆனால் கெதியில் முடிந்துவிடும். விதைத்தது விளைகிற வரைக்கும் காயத்தில் காவல் இருப்பது சீரம்தான். எனக்குப் போட்டது குதிரையின் இரத்தத்தில் இருந்து எடுக்கிற சீரம். ஒரு கிலோ நிறைக்கு 40 அலகு. நான் 62 கிலோ, 2480 அலகு. குதிரையினுடையது என்பதால் சிலருக்கு ஒவ்வாது. முதலில் முன்கையில் ஒரு சொட்டு ஏற்றி, தடிக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் குத்தினார்கள். அந்த வலியைப் பற்றி மட்டும் பொய் சொல்ல மாட்டேன். நாய் கடித்தது பரவாயில்லை என்று இருந்தது.

தடுப்பூசி அதற்கு எதிர்மாறு. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த பயம் எனக்கு. அது பழைய கதை. இப்போது தொப்புள் பக்கமே யாரும் வருவதில்லை. இரண்டு மேற்கையிலும் தோலுக்குள் ஒவ்வொன்று, 0.1 மில்லிலீற்றர். போட்ட இடம் தோடம்பழத் தோல் மாதிரிச் சின்னதாக எழும்பி, கொஞ்ச நேரத்தில் அமர்ந்துவிடும். காயத்துக்குத் தையல் போடவில்லை. நான் கேட்டேன். நாய்க்கடிக் காயத்தை உடனே தைத்து மூடுவதில்லை, கிருமி உள்ளே அடைபட்டுவிடும் என்று நர்ஸ் மிஸ்ஸி சொன்னா.

இரவு வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு ஐயா. அக்கராயன் பக்கம். கோழிக்கூட்டுக்குள் கை விட்டபோது கீரி கடித்ததாம். “கீரி கடிச்சதுக்கும் ஊசியோ எண்டு வீட்டில சிரிக்கினம்” என்றார். சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. பூனை, கீரி, நரி, குரங்கு, மாடு, பாலூட்டி எதுக்கும் விசர் பிடிக்கலாம். எங்கள் பக்கத்தில் காடும் வளவும் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கிறது. கோழிக்கூட்டுக்கு இரவில் என்ன வந்து போகிறது என்று யாருக்குத் தெரியும்?

விளக்கு அணைத்த பிறகு ஐயா கேட்டார், “உமக்கு ஆற்ற நாய் தம்பி?”

இருட்டில் உண்மை சொல்வது சுகம். அக்கா படலைக்கு வந்ததையும் நான் தெரு நாய் என்று சொன்னதையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அக்காவின் சொல்லையும் காப்பாற்றிவிட்டேன், எனக்கு ஒரு ஊசியும் குறையவில்லை. தெரியாத நாய் என்றதால் முழு வைத்தியமும் கிடைத்தது. யாருக்கு என்ன நட்டம்?

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்த வீட்டில பிள்ளையள் இருக்கோ?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை. போன கிழமை பார்த்தது ஒவ்வொன்றாக வந்தது. பிள்ளை திண்ணையில் வீமனை மடியில் வைத்துக்கொண்டு மாரி பிஸ்கட்டைக் கடித்துப் பாதியை அதன் வாயில் வைத்தது. சைக்கிளில் விழுந்து முழங்காலில் காயம். பொருக்கு உரிந்த இடத்தை வீமன் நக்க, பிள்ளை கூச்சத்தில் சிரித்தது. தோல் உரிந்த இடத்தில் விசர்நாயின் எச்சில் பட்டால் போதும். கடித்தே ஆக வேண்டும் என்றில்லை. கண்ணிலும் வாயிலும் பட்டாலும் அப்படித்தான். நான் தெரு நாய் என்று எழுதவைத்த தாளில் அந்தப் பிள்ளைக்கு இடமே இல்லை.

காலையில் டொக்டர் வந்ததும் சொன்னேன். ஏசுவா என்று எதிர்பார்த்தேன். எழுதியதை வெட்டிவிட்டு, “பிள்ளைக்கு எத்தனை வயசு?” என்று கேட்டா.

“ஒன்பது.”

அன்று பின்னேரமே பி.எச்.ஐ அந்த வீட்டுக்குப் போனார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் நாயை அடித்துக் கொண்டுபோவார் என்று ஊரில் ஒரு பயம் இருக்கிறது. அவர் நாயைத் தொடவே இல்லை. கட்டி வையுங்கள், சாப்பாடு தண்ணீர் வையுங்கள், 14 நாளைக்குப் பாருங்கள் என்றுதான் சொன்னார். நாயைக் கொல்லக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. கடித்த நேரம் அதன் எச்சிலில் விசர்க் கிருமி இருந்திருந்தால் அந்த 14 நாளுக்குள் நாய் நோய் காட்டிச் செத்துவிடும். உசாராக நின்றால் கடி வாங்கியவனுக்கு அந்தக் கவலை இல்லை. உயிரோடு கட்டி வைத்த நாய்தான் சாட்சி. ஒழுங்காக இரண்டு தரம் ஊசி போட்டு, கடைசி ஊசி ஒரு வருடத்துக்குள் போட்ட உசாரான நாய் என்றால், கடி வாங்கியவருக்கு ஊசியைத் தள்ளி வைத்து நாயை மட்டும் பார்ப்பதும் உண்டு. அதை டொக்டர் முடிவு செய்வார். நாங்களும் நாய்க்காரரும் படலையடியில் நின்று பேசி முடிவு செய்கிற விசயம் இல்லை.

வீமனுக்கு ஊசிக் கார்ட் இல்லை. ஓகஸ்ட்டில் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து நாய்களுக்குச் சும்மா ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சின்னக் குட்டிதானே, அடுத்த முறை பார்ப்போம் என்று அக்கா விட்டுவிட்டா. குட்டி என்றால் விசர் பிடிக்காது என்று எங்களில் பலருக்கு ஒரு நினைப்பு. என் வீட்டிலும் அப்படித்தான் ஒரு குட்டி நின்றது.

அக்கா இரவு போன் எடுத்தா. “உங்களை நம்பினன் தம்பி” என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளில் இருந்து பாலை வேறு ஆளுக்குக் கொடுத்தா. 6 லீற்றர் எனக்குப் பெரிதில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் படலையைத் தாண்டிப் போவதுதான் கரைச்சல்.

ஆனால் புதன்கிழமை காலையே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஆச்சியையும் சேர்த்துத்தான். ஆச்சியின் காலில் பித்தவெடிப்பு. அதை வீமன் நக்கியிருக்கிறது. “இந்த வயசில எனக்கென்னடா ஊசி, போகப் போற கட்டை” என்று பி.எச்.ஐயோடு ஒரு மணித்தியாலம் வாதாடினாவாம். விசர் வந்தால் எப்படிச் சாவு வரும் என்று அவர் சொன்ன பிறகுதான் சேலை மாற்றப் போனா. தாகம் இருக்கும், தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துப் பிடிக்கும், காற்றுப் பட்டாலே உடம்பு தூக்கிப்போடும். நீர்வெறுப்பு நோய் என்று எங்கள் ஊசிக் கார்ட்டில் போட்டிருப்பது அதனால்தான். அந்த நிலை வந்த பிறகு மருந்து கிடையாது. வருவதற்கு முன்னர் ஊசி இருக்கிறது, அதுவும் இலவசமாக. 1973 இல் இலங்கை முழுக்க 377 பேர் விசரால் செத்தார்கள். இப்போது ஆண்டுக்கு 20, 30 பேர். அந்த 20, 30 பேரில் பெரும்பாலானவர்கள் கடியைப் பெரிதாக எடுக்காமல் ஊசிக்குப் போகாதவர்கள்.

புதன்கிழமை வீமன் சாப்பிடவில்லை. வியாழன் வாயைத் திறந்தபடி எச்சில் வடித்துக்கொண்டு கிடந்ததாம். அன்றிரவு கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளி காலை குளக்கட்டில் ஆட்களைத் துரத்த, பெடியள் சேர்ந்து அடித்துக் கொன்றுவிட்டார்கள். தலை சிதறிவிட்டது. விசர் நாய் என்று டயர் போட்டு எரித்தும் விட்டார்கள். பி.எச்.ஐ வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் கிடந்தது.

விசரா இல்லையா என்று பார்ப்பது நாயின் மூளையில். தலையைச் சிதைக்காமல், ஐஸ் போட்டு அடைத்து, கொழும்பு பொரளையில் இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்துக்கு அனுப்பினால் சொல்லிவிடுவார்கள். நீங்களாகக் கத்தியை எடுத்துக்கொண்டு வெட்டப் போகாதீர்கள். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். பி.எச்.ஐக்கோ கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கோ அறிவித்துவிட்டு, எரிக்காமல் புதைக்காமல் நிழலில் மூடி வைத்தால் போதும். வீமனுக்கு விசரா என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதால் மூன்று பேருக்கும் ஊசி முழுவதும் போட வேண்டியதாயிற்று. அடுத்த கிழமை கால்நடை வைத்தியர் ஆட்கள் வந்து அந்த ஒழுங்கை நாய்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். என் குட்டியைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன்.

பால் பிரச்சினையும் ஒன்று கிளம்பியது. விசர் நாய் நின்ற வீட்டுப் பாலை இத்தனை நாளாகக் குடித்தோமே என்று சேகரிப்பு நிலையத்தில் ஒரு கதை. பி.எச்.ஐ வந்து விளங்கப்படுத்தினார். மாட்டை நாய் கடிக்கவில்லை, பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும், மாடுகளைக் கொஞ்ச நாள் கவனித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் ஒரு மாதம் அந்தப் பக்கப் பாலை வாங்கவில்லை. அவர் முன்னரும் காய்ச்சித்தான் குடித்தார். விசர் நாயைவிட அவரோடு கதைப்பது கஷ்டம்.

எனக்கு ஊசி கடித்த நாள், 3 ஆம் நாள், 7 ஆம் நாள், 30 ஆம் நாள். நாட்கணக்கு முதல் ஊசியில் இருந்து. ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் ஒவ்வொன்று. 3 உம் 7 உம் சொல்லும்படி ஒன்றும் இல்லை. போட்ட இடம் அரித்தது, ஒரு பின்னேரம் உடம்பு காய்ந்தது. அம்மாதான் பெரிய பத்தியம் போட்டா. முட்டை இல்லை, கத்தரிக்காய் இல்லை, சூடை மீன் இல்லை. மிஸ்ஸியிடம் கேட்டேன், எல்லாம் சாப்பிடலாம் என்றா. அம்மாவிடம் சொல்லத் துணிவு வரவில்லை. கூட்டாளி வீட்டில் போய்ச் சாப்பிட்டேன். வேறு வருத்தத்துக்கு ஸ்டீரொயிட் மாதிரி மருந்து எடுப்பவர்கள் அதை மட்டும் டொக்டரிடம் மறைக்கக்கூடாது. கர்ப்பிணி என்றோ பால் கொடுக்கிற தாய் என்றோ ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது.

ஊசி போடுகிற நேரத்தையும் முதல் நாளே கேட்டு வையுங்கள். தோலுக்குள் போடுகிற முறையில் ஒரு குப்பி மருந்து பல பேருக்குக் காணும். உடைத்தால் சில மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால் ஆட்களைச் சேர்த்து வைத்துப் போடுகிறார்கள். நான் 3 ஆம் நாள் பால் வேலை முடித்துவிட்டுப் பின்னேரம் ஆறுதலாகப் போய், அடுத்த நாள் வா என்ற பேச்சை வாங்கி, கெஞ்சித்தான் போட்டுக்கொண்டு வந்தேன்.

30 ஆம் நாள் புதன்கிழமை போகவில்லை. மழையில் எங்கள் ஒழுங்கை குளமாகிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைதான் போக முடிந்தது. பிந்தினால் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்தில் இருந்து போடுவோம், ஆனால் முதல் மூன்றையும் இப்படி விட்டிருந்தால் தெரியும் சேதி என்றா மிஸ்ஸி. கடித்து நாளாகிவிட்டது, இனிப் போய் என்ன என்று இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். விசர் வெளியே தெரிய ஒரு மாதம், மூன்று மாதம் எடுக்கும். சிலருக்கு ஒரு வருடமும் தாண்டும். ஒரு கிழமை பிந்தினாலும் போங்கள், ஒரு மாதம் பிந்தினாலும் போங்கள்.

வாங்கில் அக்காவும் பிள்ளையும் ஆச்சியும் இருந்தார்கள். பிள்ளைக்கும் ஆச்சிக்கும் அன்றுதான் 30 ஆம் நாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டா. நான் தள்ளி இருந்தேன். பிள்ளைதான் எழும்பி வந்து பக்கத்தில் இருந்தது.

“மாமா, உங்களுக்கு மொத்தம் எத்தினை?”

“இண்டையோட கையில எட்டு. கால்ல எண்ணேல்ல.”

“எனக்கும் எட்டு” என்றது. கால் கணக்கில் தோற்றுவிட்ட கவலை முகத்தில் தெரிந்தது. உள்ளே கூப்பிடும் வரைக்கும் பேசிக்கொண்டிருக்க எனக்கும் ஒரு கதை வேண்டியிருந்தது. பிரான்சில் 1885 ஜூலை 6 ஆம் திகதி லூயி பாஸ்டர் என்றவர் விசர்நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் தன் தடுப்பு மருந்தை ஏற்றத் தொடங்கியதை, போனில் வாசித்துச் சொன்னேன். யோசேப் மைஸ்டர் என்று பெயர், உன் வயதுதான், ஒன்பது என்றேன்.

“அவன் அழுதவனோ?”

“அதைப் போடேல்ல.”

“நான் முதல் நாள் மட்டும்தான்” என்றது.

ஆச்சி ஊசி போட்டுவிட்டு வெளியே வந்து, நான் நிற்பதைக் கண்டு, “சுண்ணாம்பு பூசினது காணாதெண்டு இவ்வளவும் குத்திப்போட்டினம்” என்றா. அக்கா சிரிப்பை அடக்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பினா.

கார்ட்டை நான் காணி பெர்மிட், பிறப்புப் பத்திரம் எல்லாம் கிடக்கிற பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும். இடம்பெயர்ந்த காலத்தில் முதலில் கையில் எடுத்தது அதைத்தான். இனி ஒரு நாய் கடித்தால் அந்தக் கார்ட்டைக் காட்டினால் ஊசி குறையும், சீரம் தேவைப்படாது. என் தொழிலுக்கு அது பெர்மிட்டுக்குக் குறைந்த சாமான் இல்லை.

தை பிறந்து கொஞ்ச நாளில் அக்கா திரும்பவும் போன் எடுத்தா. மற்ற ஆள் அளவில் ஏமாற்றுகிறானாம். அடுத்த நாள் காலை அந்தப் படலைக்குப் போனேன். உள்ளே ஒரு புதுக் குட்டி, வெள்ளையும் மண்ணிறமும். பெயர் இதுக்கும் வீமன்தான். ஊசிக் கார்ட் கலண்டர் ஆணியில் தொங்குகிறது. வந்த முதல் நாளே பிள்ளை எனக்கு அதைக் கொண்டுவந்து காட்டியது. குட்டி என்னைக் கண்டால் வாலாட்டுகிறது. நான் படலைக்கு வெளியே நின்று ஹோர்ன் அடிக்கிறேன். பிள்ளை வந்து கட்டின பிறகுதான் பால் கானோடு உள்ளே போகிறேன்.